இரண்டு 18650 செல், ஒரு ஓகேஆர் மாட்யூல்: நானே கட்டிய வேப் பெட்டி

நான் லண்டனில் இருந்தபோது, 2014-15 வாக்கில் செய்த வேலை இது. அங்கே வேப், அதாவது மின்சிகரெட், என்பது கடையில் பில் போட்டு வாங்குகிற பொருள். இந்தியாவில் 2019-ல் வந்த சட்டம் மின்சிகரெட்டைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது, விளம்பரம் செய்வது எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். அதனால் ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் வேப் பெட்டி கட்டக் கிளம்ப வேண்டாம். ஆனால் லித்தியம் செல் இரண்டு (18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளமுள்ள செல்), வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் ஒன்று, அதைப் போட ஒரு பெட்டி என்று நீங்கள் எதைக் கட்டினாலும், ரவுட்டருக்கு பேக்கப் ஆகட்டும், கேம்பிங் விளக்கு ஆகட்டும், இங்கே சொல்வதில் முக்கால்வாசி அப்படியே பொருந்தும். இன்னொன்று, சிகரெட் பழக்கம் இல்லாதவர்களுக்கு வேப் தேவையே இல்லை. நான் போனது சிகரெட்டை விடுவதற்காக.

அந்தச் சமயம் கடையில் இரண்டு வகைதான் கண்ணில் படும். ஒன்று, 15, 20 வாட் தாண்டாத ஒற்றை செல் கருவிகள். இன்னொன்று மெக்கானிக்கல் மாட் என்று சொல்லும் வெறும் உலோகக் குழாய். உள்ளே ஒரு செல், கீழே ஒரு பட்டன், மேலே திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருளான காயில், இடையில் எந்த எலக்ட்ரானிக்ஸும் கிடையாது. செல் நிரம்பியிருக்கும்போது 4.2 வோல்ட், தீரத் தீர 3.5, அதற்கேற்ப ஆவியும் மெலிந்துகொண்டே போகும், ஷார்ட் ஆனால் தடுக்க ஆளே இல்லை. அமெரிக்காவின் எவால்வ் கம்பெனி டிஎன்ஏ 30 என்று 30 வாட் போர்டு போட்டிருந்தது, நல்ல சரக்குதான், ஆனால் அதை வைத்துக் கட்டிய பெட்டிகள் விலை கேட்டாலே இருமல் வரும். அப்போதுதான் வேப் போடுகிற கூட்டத்தில் ஒரு மாட்யூல் பெயர் சுற்ற ஆரம்பித்தது: முராட்டா கம்பெனியின் ஓகேஆர்-டி/10.

இது வேப்புக்காகச் செய்ததே இல்லை. சர்வர் போர்டு, நெட்வொர்க் கருவி மாதிரி இடங்களில் 12 வோல்ட்டை 3.3, 1.8 என்று இறக்கிக் கொடுக்கும் சின்ன பக் கன்வெர்ட்டர். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, நேராக நிற்கும் குட்டி போர்டு. உள்ளே 4.5-லிருந்து 14 வோல்ட் வரை கொடுக்கலாம், வெளியே 0.591-லிருந்து 6 வோல்ட் வரை எடுக்கலாம், உச்சம் 10 ஆம்பியர், 50 வாட். இந்த இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் எல்லை. விலை அப்போது சில பவுண்டுகள்தான். பக் கன்வெர்ட்டர் இறக்கத்தான் செய்யும், ஏற்றாது; ஆகவே உள்ளே போகும் வோல்ட் எப்போதும் வெளியே வருவதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஒற்றை செல் போதாது, இரண்டு செல்லை சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாக வேண்டும். நிரம்பியிருந்தால் 8.4 வோல்ட், வேலை செய்யும் நேரத்தில் பெரும்பாலும் 7.4 பக்கம், ஆளுக்கு 3.2 என்று இறங்கும்போது 6.4.

வெளிவரும் வோல்ட்டை நிர்ணயிப்பது ட்ரிம் என்ற ஒரு கால். அதிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும், அதன் மதிப்புதான் வோல்ட்டைச் சொல்லும். கணக்கு எளிது: 1.182-ஐ, வேண்டிய வோல்ட்டில் 0.591-ஐக் கழித்து வருவதால் வகுத்தால் ரெசிஸ்டர் கிலோ ஓமில் கிடைக்கும். 6 வோல்ட் வேண்டுமென்றால் 1.182-ஐ 5.409-ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 219 ஓம். ரெசிஸ்டர் குறையக் குறைய வோல்ட் ஏறும். இதைத் தலையில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாதுகாப்பு முழுக்க இந்தத் திசையில்தான் இருக்கிறது. வெறும் பொட்டென்ஷியோமீட்டரை (திருகி ஓமை மாற்றும் ரெசிஸ்டர், சுருக்கமாகப் பொட்) மட்டும் ட்ரிம்முக்குப் போட்டு அதைச் சுழியம் வரை திருகினால் மாட்யூல் தன் எல்லைக்கு மேல் போகப் பார்க்கும். அதனால் பொட்டோடு 220 ஓம் நிலையான ரெசிஸ்டர் ஒன்றை சீரிஸில் கட்டிவிட வேண்டும். பொட்டை எந்தப் பக்கம் முழுதாகத் திருகினாலும் 6-ஐத் தாண்டாது. நான் போட்டது 500 ஓம் பொட். முழுக்க எதிர்ப்பக்கம் திருகினால் 720 ஓம், அதாவது சுமார் 2.2 வோல்ட். எனக்கு வேண்டிய வீச்சு அதற்குள் அடங்கிவிட்டது. 1 கிலோ ஓம் பொட் போட்டவர்களும் உண்டு, ஆனால் அதில் 4-லிருந்து 6 வோல்ட் வரை திருகலின் கடைசி மூலையில் போய் நெருக்கிக்கொள்ளும், இம்மி நகர்த்தினால் அரை வோல்ட் தாவும்.

பொட்டில் மூன்று கால் இருக்கும். நடுக்காலையும் ஓர் ஓரக்காலையும் சேர்த்துப் பற்றவைத்துவிட்டு மற்றொரு ஓரக்காலை அடுத்த முனையாக எடுங்கள். உள்ளே துடைப்பான் (நடுக்காலோடு சேர்ந்த நகரும் முனை) தேய்ந்தோ தூசு படிந்தோ தொடர்பு விட்டுப்போனால் ரெசிஸ்டர் முழு 500-க்குப் போகும், வோல்ட் இறங்கும். ட்ரிம் வயரே அறுந்து விழுந்தால் 0.591 வோல்ட், காயில் சூடே ஆகாது. எது கெட்டாலும் கீழே இறங்கித்தான் கெட வேண்டும் என்கிற மாதிரி கட்டுவது இது. வீட்டில் செய்யும் எந்த மின்வேலைக்கும் முதலில் இந்தக் கேள்வியைத்தான் நான் இப்போது கேட்கிறேன்: இந்த வயர் அறுந்தால் என்ன ஆகும், இது அடுத்த வயரோடு ஒட்டினால் என்ன ஆகும்.

சரி, இனிதான் உண்மையான விஷயம். மாட்யூலைக் கட்டுவது ஒரு மாலை வேலை, அதில் யாரும் பெரிதாகச் சறுக்குவதில்லை. சறுக்குவது எல்லாம் மாட்யூலுக்கு முன்னால், செல்லுக்கும் அதற்கும் இடைப்பட்ட கொஞ்ச தூரத்தில். ஓகேஆர் பார்த்துக்கொள்வது வெளியே வரும் வோல்ட்டை மட்டும்தான். உள்ளே இருக்கும் செல்களைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. 4.5 வோல்ட் வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்றால், ஒரு செல்லுக்கு 2.25. லித்தியம் செல்லை அவ்வளவு கீழே இறக்கினால் அது நிரந்தரமாகக் கெடக்கூடும்; அப்புறம் அதை சார்ஜ் போடுவது ஆபத்து. செல் தலைகீழாகப் போட்டாலும் மாட்யூல் ஒன்றும் சொல்லாது, செத்துப்போகும், அவ்வளவுதான். கடையில் வாங்கும் பெட்டிக்குள் ஒரு சின்ன மூளை இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறது. இந்தப் பெட்டியில் அந்த மூளை வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

முதலில் கணக்கு. ரெகுலேட்டர் இல்லாத குழாயில் காயிலின் ஓம் எவ்வளவோ அதுதான் செல்லிலிருந்து இழுக்கும் கரண்டைத் தீர்மானிக்கும். இங்கே அப்படி இல்லை. வெளியே எத்தனை வாட் எடுக்கிறீர்களோ, அதோடு மாட்யூல் விழுங்கும் பங்கையும் சேர்த்து, செல்லின் வோல்ட்டால் வகுக்க வேண்டும். பத்துக்கு ஒன்பது பங்கு தேறுகிறது என்று வைத்துக்கொண்டால் 50 வாட் வெளியே எடுக்க 55 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே உள்ளே போக வேண்டும். செல் நிரம்பியிருக்கும்போது அது 6.6 ஆம்பியர். 6.4 வோல்ட்டுக்கு இறங்கிய பிறகு அதே 50 வாட்டுக்கு 8.7 ஆம்பியர். செல் களைக்கக் களைக்க அதன் முதுகில் பாரம் ஏறுகிறது; வெளியே பார்த்தால் ஆவியில் எந்த மாற்றமும் தெரியாது, நன்றாகவே இழுக்கும். குழாய்காரனுக்கு ஆவி மெலிவதே எச்சரிக்கை. பெட்டிக்காரனுக்கு அதுவும் இல்லை.

அதனால் வோல்ட் மீட்டர் அவசியம். சின்ன எல்இடி மீட்டர்கள் மலிவாகக் கிடைக்கும், அதில் மூன்று வயர் வருவதை வாங்குங்கள். சிவப்பும் கறுப்பும் மீட்டருக்குச் சாப்பாடு, மூன்றாவது அளக்கும் வயர். நான் சாப்பாட்டைச் செல் பக்கத்திலிருந்து கொடுத்து, அளக்கும் வயரை ஒரு சின்ன டாகிள் ஸ்விட்ச் வழியாக விட்டேன். ஒரு பக்கம் தட்டினால் செல்களின் வோல்ட், மறுபக்கம் காயிலுக்குப் போவது. செல் பக்கம் 6.6 காட்டினால் நிறுத்திவிடுவேன், பட்டன் அழுத்தும்போது அது இன்னும் கீழே இறங்குமே, அந்த இடைவெளிக்காக. மீட்டர் எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தால் அதுவே செல்லை மெல்லக் குடித்துவிடும். ஆகவே அதன் சிவப்பு வயருக்குத் தனியாக ஒரு ஸ்விட்ச்.

செல் வாங்குவதில் கஞ்சத்தனம் கூடாது. அப்போது நம்பி வாங்கியவை சோனி விடிசி4, சாம்சங் 25ஆர், எல்ஜி எச்இ2. ஒன்றின் கொள்ளளவு 2100 எம்ஏஎச், மற்ற இரண்டும் 2500. எல்லாமே 20 ஆம்பியரோ அதற்கு மேலோ தொடர்ந்து தாங்கும் என்று தயாரிப்பாளரே சொன்னவை. நமக்கு வேண்டியது ஒன்பதுக்குள், அப்படியிருக்க ஏன் இருபது என்றால், செல் பழசாகும், குளிரில் சோம்பும், தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் ஓட்டினால் சூடேறும். 18650 அளவில் 5000, 6000 எம்ஏஎச் என்று உறையில் அச்சடித்து வருவது பொய், அப்படி ஒரு செல் அந்த அளவில் கிடையாது. நல்ல செல் 45 கிராம் பக்கம் நிற்கும். ஒருமுறை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கியது சமையலறைத் தராசில் அதற்கு ரொம்பக் கீழே நின்றது, உறையில் எழுத்தும் லேசாக மங்கல். அதை டார்ச்சுக்குக்கூடப் பயன்படுத்தவில்லை, மறுசுழற்சிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

சீரிஸில் போடும் இரண்டு செல்லும் ஜோடி. ஒரே நாளில் வாங்கி, ஒன்றாகவே சார்ஜ் போட்டு, ஒன்றாகவே இறக்கி, ஒன்றாகவே ஓய்வு கொடுக்க வேண்டும். நான் இரண்டிலும் ஒரே எழுத்தை மார்க்கரில் எழுதி வைப்பேன். பெட்டியிலிருந்து கழற்றியதும் இரண்டையும் தனித்தனியாக மல்டிமீட்டரில் பார்ப்பது பழக்கமானது. 0.05 வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் சரி. ஒன்று 3.5, இன்னொன்று 3.2 என்று காட்டினால் அந்த ஜோடியின் ஆயுள் முடிந்தது. மொத்தம் 6.7 என்றுதான் பெட்டியின் மீட்டர் காட்டும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே ஒருத்தன் படுத்துவிட்டான் என்பது தனியாக அளந்தால்தான் தெரியும். பலவீனமான செல்லை மற்றது இழுத்துக்கொண்டு போய் சுழியத்துக்கும் கீழே, தலைகீழ் வோல்ட்டுக்குத் தள்ளிவிடவும் கூடும்.

சார்ஜ் போடுவதற்குப் பெட்டியில் ஓட்டை எதுவும் வைக்கவில்லை. யூஎஸ்பி போர்ட் ஒன்று வைத்து அழகு பார்த்தவர்கள் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. செல்லைக் கழற்றி, ஒவ்வொரு குழியையும் தனியாகக் கவனிக்கும் நைட்கோர் ஐ2 மாதிரி சார்ஜரில் போடுவதுதான் நிம்மதி.

இப்போது செல்லை உட்கார வைக்கும் ஹோல்டர். இங்கேதான் என் நண்பர் ஒருவர் சறுக்கினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஈஸ்ட் ஹாமில் பக்கத்துத் தெருவில் இருந்தார், நான் கட்டியதைப் பார்த்து அவரும் ஒன்று கட்டினார். வயரிங் எல்லாம் சுத்தம், என்னைவிட நன்றாகப் பற்றவைப்பார். ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, “அண்ணை, இது சுடுகுது, மணக்கவும் மணக்குது, ஆனா காயில் கொஞ்சம்தான் சூடாகுது” என்றார். திறந்து பார்த்தால் ஹோல்டரின் ஸ்பிரிங் பக்கத்துப் பிளாஸ்டிக் இளகி, ஸ்பிரிங் சாய்ந்து உள்ளே புதைந்திருந்தது. பொம்மைகளில் வருகிற மாதிரி மெல்லிய கம்பிச் சுருள் ஹோல்டர் அது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்த ஸ்பிரிங்கும் அது தொடும் இடமும் சேர்ந்து 50 மில்லி ஓம் இருந்தால் போதும், 8 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும், 3.2 வாட் சூடு அந்தக் கம்பியில் மட்டும். கம்பியின் பருமனைப் பாருங்கள், 3 வாட் என்பது அதற்குச் சின்ன அடுப்பு. அதோடு ஸ்பிரிங் சூடானால் தளரும், தளர்ந்தால் தொடுகை இன்னும் மோசம், ஓம் இன்னும் ஏறும்.

மருந்து, கீஸ்டோன் கம்பெனியின் 1048 மாதிரி தகடு வைத்த ஹோல்டர். இரண்டு 18650 பக்கம் பக்கமாக உட்காரும், ஸ்பிரிங்குக்குப் பதில் வளைந்த தடித்த தகடு செல்லை இறுக்கிப் பிடிக்கும். பிடி அவ்வளவு இறுக்கம் என்பதால் செல்லைக் கழற்றும்போது தகட்டின் ஓரம் உறையைச் சுரண்டும். அடியில் ஒரு ரிப்பனை விட்டு வைத்து அதை இழுத்துத் தூக்குவதுதான் வழி. உறை கிழிந்த செல்லை அலட்சியம் செய்யாதீர்கள். செல்லின் பிளஸ் முனையில் நடுவில் இருக்கும் குமிழ்தான் பிளஸ். அதைச் சுற்றி ஒரு வெள்ளைக் காகித வளையம், அதற்கு வெளியே உறைக்கடியில் இருக்கும் விளிம்பு மைனஸ். உடம்பு முழுக்கவே மைனஸ். இரண்டுக்கும் இடையில் இருப்பது சில மில்லிமீட்டரும் ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கும்தான். புது உறை மலிவு, ஹேர் டிரையரில் சுருக்கிப் போட்டுவிடலாம். காகித வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஹோல்டரில் பிளஸ் பக்கத்தைச் சிவப்பு நகப்பூச்சால் அடையாளம் வைத்தேன். தலைகீழாகப் போட்டால் மாட்யூல் போய்விடும் என்பதால் ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட்டும் (எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) பிளஸ் வழியில் வைக்கலாம், தலைகீழானால் அது கதவைத் திறக்காது. பிற்பாடு கட்டியதில் அதையும் சேர்த்தேன்.

ஹோல்டரின் பிளஸ்ஸிலிருந்து முதல் வேலையாக ஃப்யூஸ். காரில் வரும் சின்ன பிளேடு ஃப்யூஸ், 10 ஆம்பியர். ஹோல்டரிலிருந்து எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குக் காவல் கிடையாது. மாட்யூலுக்கு உள்ளேயே ஷார்ட் பாதுகாப்பு இருக்கிறதே என்று இதை விடுகிறவர்கள் அதிகம். அது வெளியே காயில் பக்கம் ஷார்ட் ஆனால் காப்பாற்றும். உள்ளே செல்லின் வயர் பெட்டியில் உரசினால் மாட்யூலுக்குச் செய்தியே போகாது. அலுமினியப் பெட்டி, அதன் உடம்பு 510 கனெக்டர் (ஆவி உண்டாகும் மேல்பகுதியைத் திருகும் இடம்) வழியாக மைனஸ். அப்படியிருக்க பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பிளஸ் வயருக்கும் நாலு பக்கமும் ஷார்ட் காத்திருக்கிறது. 18 கேஜ் சிலிக்கான் வயர் போட்டேன், வளையும், சூடு தாங்கும். வயரில் விழும் இழப்பு ஒன்றுமே இல்லை, பத்து சென்டிமீட்டருக்கு 2 மில்லி ஓம்தான். தடித்த வயர் போட்டுவிட்டேன் என்று மார்தட்டிக்கொள்கிறவர்கள் அதன் இரு முனையிலும் இருக்கும் பற்றவைப்பைப் பார்க்க வேண்டும். ஈயம் பளபளப்பாக ஓடி வயருக்குள் இறங்கியிருக்க வேண்டும். உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தால் அது ஒட்டவில்லை, சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது.

கீஸ்டோன் தகட்டில் பற்றவைக்கும்போது ஒரு சிக்கல், தகடு தடிமன் என்பதால் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும், அதற்குள் பிளாஸ்டிக் இளகும். அயர்னின் சக்தி குறைந்தால் நேரம் கூடி இது இன்னும் மோசமாகும். அகலமான முனையோடு 60 வாட் அயர்னை எடுத்து, தகட்டுக்கும் வயருக்கும் தனித்தனியாக முன்பே ஈயம் பூசிவைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே தொடுகையில் முடித்துவிட வேண்டும். செல்லை ஹோல்டரில் வைத்துக்கொண்டு இதைச் செய்யக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

510 கனெக்டர் என்பது அட்டமைசரை, அதாவது காயிலும் திரவமும் இருக்கும் மேல்பகுதியைத் திருகி வைக்கும் இடம், மரை 7 மில்லிமீட்டர். நடு ஊசி பிளஸ், சுற்றியிருக்கும் மரை மைனஸ், இடையில் ஒரு வெள்ளை வளையம். ஊசியில் பற்றவைக்கும்போது அந்த வளையம் உருகினால் ஊசி சாயும், சாய்ந்தால் ஷார்ட். கனெக்டரைப் பெட்டியில் மாட்டுவதற்கு முன்பே, ஈரத்துணியில் மரைப் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு ஊசியில் பற்றவைத்துவிட்டேன். அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது. ஆகவே மைனஸ் வயரை ஒரு வளைய முனையில் கிரிம்ப் செய்து, கனெக்டரின் நட்டுக்கு அடியில் கொடுத்து இறுக்க வேண்டும். பெட்டிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தவர்கள் நட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டுங்கள்.

பெட்டி ஹாமண்ட் 1590பி. கிட்டார் எஃபெக்ட் பெடல் செய்கிறவர்களுக்குப் பழக்கமான வார்ப்பு அலுமினியப் பெட்டி, சுமார் 112க்கு 60, உயரம் 31 மில்லிமீட்டர். இதைவிடச் சின்ன பெட்டியில் எல்லாவற்றையும் திணிக்கலாம்தான், திணித்த படங்களைப் பார்க்கும்போதே எனக்கு வயிறு கலங்கும். மாட்யூலுக்கு மூச்சு விட இடம் வேண்டும், 50 வாட்டில் ஐந்தாறு வாட் அதன் உடம்பில் சூடாக இறங்கும். அதை பசைத்துப்பாக்கியால் மூழ்கடித்து ஒட்டாதீர்கள், சூட்டில் பசை இளகி மாட்யூல் சாயும். கால்களை ஒரு துண்டு புள்ளி போர்டில் பற்றவைத்து, போர்டை நைலான் ஸ்குரூவில் பொருத்தினேன். இன்புட் பக்கம் மாட்யூலுக்கு ஒட்டினாற்போல் 22 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்று.

அப்புறம் காற்று ஓட்டை. லித்தியம் செல் தறிகெட்டுச் சூடானால் உள்ளிருந்து வாயு சீறி வரும். நாலு மூலையும் ஸ்குரூ போட்டு இறுக்கிய உலோகப் பெட்டிக்குள் அது நடந்தால் பெயர் வேறு. செல்களுக்கு நேர் அடியில் வரிசையாகத் துளைகள் போட்டேன், மூடியைக் காந்தத்தில் நிற்க வைத்தேன், உள்ளே அழுத்தம் ஏறினால் மூடி தானே பறக்கட்டும் என்று. காந்தங்களை எபாக்சி போட்டு அழுத்தமாக ஒட்டுங்கள், ஒன்று கழன்று விழுந்தால் செல்லின் முனைகளில்தான் போய் ஒட்டும்.

பட்டன் பற்றி நிறையப் பேருக்குக் குழப்பம். மாட்யூலில் ஆன்-ஆஃப் கால் ஒன்று இருக்கிறது; பட்டன் அதைத்தான் இயக்குகிறது, அதில் ஓடும் கரண்ட் மிகச் சொற்பம். அதனால் 12 மில்லிமீட்டர் ஸ்டீல் பட்டன் எதுவும் போதும். இதே நினைப்பில் செல்லுக்கும் மாட்யூலுக்கும் இடையில் மெயின் ஸ்விட்ச் என்று ஒரு குட்டி ஸ்லைடு ஸ்விட்சை வைப்பதுதான் தப்பு. அதன் மேல் 3 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், நாம் எட்டு விடுவோம். நண்பரின் பெட்டியில் ஹோல்டருக்கு அடுத்து அதிகம் சுட்டது அந்த ஸ்விட்ச்தான். நான் பட்டன் வயரில் ஒரு ஸ்விட்ச் வைத்து அதைப் பூட்டாகப் பயன்படுத்தினேன், கோட்டுப் பையில் பட்டன் தானாக அழுந்தாமல் இருக்க. ராத்திரியில் செல்லைக் கழற்றி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிடுவேன்.

முதல்முறை உயிர் கொடுக்கும்போது நேராகக் காயிலை மாட்டாதீர்கள். செல் இல்லாமல், மல்டிமீட்டரை ஓம் பக்கம் வைத்து, பிளஸ் வழியின் ஒவ்வோர் இடத்துக்கும் பெட்டியின் உடம்புக்கும் இடையே அளந்து பாருங்கள். சுழியம் காட்டினால் நிறுத்துங்கள். அப்புறம் அலுமினிய உறை போட்ட 1 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை 510-இல் வயர் வைத்துக் கட்டுங்கள். பொட்டை வோல்ட் குறையும் பக்கம் முழுதாகத் திருகி, பட்டனை அழுத்தி, மெல்ல ஏற்றிக்கொண்டே வந்து 4 வோல்ட்டில் நிறுத்தினால் 4 ஆம்பியர், 16 வாட். சில விநாடி அழுத்தி, விட்டு, செல்லைக் கழற்றிவிட்டு, ஹோல்டர் தகடு, ஃப்யூஸ், ஸ்விட்ச், 510 என்று விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். கெட்ட தொடுகை எங்கே இருக்கிறதோ அந்த இடம் வெதுவெதுப்பாகச் சொல்லிவிடும். மல்டிமீட்டரில் மில்லி ஓம் பார்க்க முடியாது, விரலுக்குத் தெரிந்துவிடும்.

காயிலைப் பொறுத்தவரை நான் 0.8 ஓம் காந்தால் (சூடாக்கும் காயில்களுக்கான உலோகக் கலவை) கம்பியில் நின்றுவிட்டேன். 4.9 வோல்ட்டில் 30 வாட், 6 ஆம்பியர் பக்கம், மாட்யூலும் செல்லும் இரண்டும் நிதானமாக ஓடும். 0.5 ஓம் போட்டு 5 வோல்ட் வைத்தால் சரியாக 10 ஆம்பியர், 50 வாட், இரண்டு எல்லையும் ஒன்றாக முட்டும். 0.3, 0.2 என்று போகிறவர்களுக்கு இந்த மாட்யூல் ஆகாது, ஜிஇ கம்பெனியின் ராப்டர் என்று 20 ஆம்பியர் மாட்யூல் ஒன்று அதே காலத்தில் புழங்கியது. எனக்கு அந்தப் புகைமூட்டத்தில் ஆர்வம் வந்ததில்லை. 6 வோல்ட் வரை போகும் என்பதற்காக 6-இல் வைப்பதும் வீண். செல் தீரத் தீர, பாரத்தில் செல்களின் வோல்ட்டே 6-ஐ நெருங்கிக்கொண்டு வரும், மாட்யூலுக்கு இறக்குவதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

விமானப் பயணத்தில் மின்சிகரெட்டும் உதிரி லித்தியம் செல்லும் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. கைப்பையில் வீட்டில் கட்டிய, வயர் தெரிகிற, துளை போட்ட அலுமினியப் பெட்டியை ஸ்கேனரில் விடுகிற தைரியம் எனக்கு இருந்ததில்லை. பயணத்துக்குக் கடையில் வாங்கிய சின்னது ஒன்று.

கொஞ்ச காலத்தில் எவால்வ் டிஎன்ஏ 40 வந்தது, பின்னாலேயே சீனத்திலிருந்து இரட்டை செல் பெட்டிகள், செல் தலைகீழானால், வோல்ட் இறங்கினால், காயில் ஷார்ட் ஆனால் எல்லாவற்றுக்கும் தானே நிற்கும் ரகம், நான் ஹாமண்ட் பெட்டிக்கும் ஹோல்டருக்கும் பட்டனுக்கும் செலவழித்ததை ஒட்டிய விலையில். அதற்குப் பிறகு வேப்புக்காக யாரும் ஓகேஆர் கட்டவேண்டிய காரணம் இல்லை, கட்டுகிற ஆசை தவிர. என் திரவத்தின் நிக்கோட்டினும் மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராமிலிருந்து 6, 3 என்று இறங்கி நின்றுவிட்டது.

பெட்டி மட்டும் இன்னும் வேலை செய்கிறது. பொட்டையும் 510-ஐயும் பிடுங்கிவிட்டு, ட்ரிம்முக்கு 220 ஓமோடு 47 ஓம் ஒன்றைச் சேர்த்துப் பற்றவைத்தேன். 267 ஓம், கணக்குப்படி 5.02 வோல்ட். 510 இருந்த துளையில் இப்போது யூஎஸ்பி சாக்கெட், அதிலிருந்து ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஓடுகிறது. பட்டனுக்குப் பதில் சாதாரண ஆன்-ஆஃப் ஸ்விட்ச். பை சராசரியாக இரண்டரை வாட் இழுத்தால் இரண்டு 2500 செல் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது. ஆனால் இப்போது அருகில் நான் இருந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் அல்லவா, அதனால் ஃப்யூஸுக்கும் மாட்யூலுக்கும் நடுவே 2எஸ் (சீரிஸில் இரண்டு செல்லுக்கான) பாதுகாப்பு போர்டு ஒன்றைப் போட்டாயிற்று, இரண்டு செல்லின் நடு இணைப்பிலிருந்தும் அதற்கு ஒரு வயர் போகும், எந்த ஒரு செல் இறங்கினாலும் மொத்தத்தையும் வெட்டிவிடும். பத்து ஆம்பியர் தாங்கும் அந்த போர்டு இப்போது ஒரு காப்பி விலைதான்.